என் வகுப்பில் வாய் திறக்காத மாணவன்

பொங்கல் விழாவில் பட்டிமன்றம் என்று அறிவித்துவிட்டால் போதும், தலைநகர் வாழ் தமிழன்பர்கள் ஆர்.கே. புரத்திலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் குளிரைப் பொருட்படுத்தாமல் வந்துவிடுவார்கள். ஒரு அணி பேசும்போதும் கைதட்டுவோம். அதை மறுத்து எதிரணி பேசும்போதும் கைதட்டுவோம். எதிரணிக்காரர் மேடை ஏறவே கூடாது என்று சொன்னவரை இந்த நாற்பது ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

இந்தப் பெருந்தன்மை நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் இருக்கிறதா? தில்லிக் கல்லூரி ஒன்றில் முப்பதாண்டுக்கு மேல் வரலாறு கற்பித்து, 2015-ல் ஓய்வு பெற்றவன் நான். பாடத்திட்டத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொன்னதுண்டு. அதில் என் பங்கு என்ன என்பதைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

ஒரு கட்டுரையின் கதை

ஏ.கே. இராமானுஜனை நம்மில் பலரும் அறிவோம். 1929-ல் மைசூரில் தமிழ் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்; சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியர். குறுந்தொகையையும் நம்மாழ்வாரையும் ஆங்கில வாசகரிடம் கொண்டு சேர்த்தவர். 1993-ல் மறைந்தார். ‘முந்நூறு இராமாயணங்கள்’ என்ற பொருள்பட அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1991-ல் ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது.

வால்மீகி, கம்பர், சமணர் விமலசூரி, கர்நாடக நாட்டுப்புறப் பாடகர், தாய்லாந்தின் இராமகியன் என்று பல இராமகதைகளை அடுத்தடுத்து வைத்து, ஒரே கதை எப்படி வெவ்வேறு உருக்கொள்கிறது என்று காட்டுவது அந்தக் கட்டுரை. வால்மீகியில் அகலிகை வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இணங்குகிறாள். சாபத்தால் யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் அவள் இடையில் உணர்கிறாள், ஆனாலும் விலக்கவில்லை, கல்லாகிறாள். கன்னட நாட்டுப்புறக் கதையிலோ இராவணனே கருவுற்று, தும்மும்போது சீதை பிறக்கிறாள்!

2006 முதல் இக்கட்டுரை தில்லிப் பல்கலைக்கழக இளநிலைப் பட்ட வகுப்பின் வரலாற்றுப் பாடத்தில் இடம்பெற்றது. எனக்கோ கொண்டாட்டம். வடநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பனைச் சொல்ல ஒரு வாய்ப்பு அல்லவா! அகலிகைப் படலத்தை வகுப்பில் விரித்துச் சொல்வேன். மணி அடித்தது தெரியாமல் கேட்பார்கள்.

2008 பிப்ரவரியில் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்தினர் வடக்கு வளாகத்தில் உள்ள வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருள்களை உடைத்தார்கள். கட்டுரை இந்துக்களைப் புண்படுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், அதன்படி நால்வர் கொண்ட நிபுணர் குழு அமைந்தது. மூவர் கட்டுரையில் தவறில்லை என்றனர். நான்காமவரும் அதன் புலமையைக் குறை சொல்லவில்லை. இளநிலை வகுப்பில் இதைக் கற்பிப்பது கடினம் என்றார். ஆனால் 2011 அக்டோபர் 9-ஆம் நாள் கூடிய கல்விக் குழு கட்டுரையை நீக்க முடிவெடுத்தது. எதிர்த்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே.

அப்போது மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. ஆகவே இதை ஆளுங்கட்சியின் வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. வம்பு வேண்டாம் என்ற பயமே ஒரு பல்கலைக்கழகத்தைப் பணிய வைக்கப் போதுமானது.

தேநீர்க் கடையில் ஒரு கேள்வி

அந்த மாதம் வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கண்டன ஊர்வலம் நடத்தினோம். நானும் அட்டை பிடித்து நடந்தேன். முடிந்ததும் தேநீர் குடிக்கப் போனபோது ஒரு இளைஞன் வந்து காலைத் தொட்டு வணங்கினான். 2007-08-ல் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தவன். ராஜஸ்தானத்துச் சிற்றூர்ப் பையன். தகப்பனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அப்போது முகர்ஜி நகரில் அறை எடுத்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. குரல் மட்டும் நினைவில் இல்லை.

“நீயும் ஊர்வலத்துக்கா வந்தாய்?” என்றேன் மகிழ்ச்சியோடு.

“ஓரமாக நின்று பார்த்தேன் சார். கட்டுரையை எடுத்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். படிக்காமலே கூச்சல் போடுகிறார்கள்.” சற்று நிறுத்தி, தயங்கியபடி சொன்னான்: “ஆனால் சார், என் புத்தகத்தை நீங்களும் எடுத்தீர்களே?”

எனக்கு விளங்கவில்லை. அவன்தான் நினைவுபடுத்தினான்.

அந்நாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் நூற்றுக்கு 25 மதிப்பெண் அக மதிப்பீடு. அதில் வீட்டுக் கட்டுரைக்கு 10. அதைத் திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் வகுப்பாசிரியர் பொறுப்பு. தில்லி சுல்தான்களும் கோயில்களும் என்பது நான் கொடுத்திருந்த தலைப்புகளில் ஒன்று. இவன் பாரதிய வித்யா பவன் வெளியிட்ட வரலாற்று வரிசையின் ஆறாவது தொகுதியை எடுத்து எழுதியிருக்கிறான். 1960-ல் வந்த அத்தொகுதி தில்லி சுல்தானியத்தைப் பற்றியது. வரிசையின் பொதுப் பதிப்பாசிரியர் ஆர்.சி. மஜும்தார். ஓரத்தில் நான் சிவப்பு மையில், “பழைய வகுப்புவாத வரலாறு. இதை மேற்கோள் காட்ட வேண்டாம்” என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டிருக்கிறேன்.

“அடுத்த கட்டுரைக்கு எட்டு போட்டீர்கள் சார். ஏனென்றால் உங்களுக்குப் பிடித்ததை எழுதினேன். அப்புறம் மூன்று வருஷமும் அப்படியே எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன். வகுப்பில் பேசினால் சங்கி என்று சிரிப்பார்கள் என்று பேசவே இல்லை.”

அவன் குரலில் கோபம் இல்லை. தேநீருக்கு என்னைக் காசு கொடுக்கவும் விடவில்லை. அன்று மெட்ரோவில் வீடு திரும்பும்போது என் கையில் அந்த அட்டை இன்னும் இருந்தது. ‘கருத்துச் சுதந்திரம் காப்போம்’ என்று நானே என் கைப்பட எழுதிய அட்டை.

நான் செய்திருக்க வேண்டியது

யார் அந்த மஜும்தார்? டாக்கா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். கல்வெட்டும் மூலநூலும் கற்ற பெரும் அறிஞர். விடுதலைப் போராட்ட வரலாற்றை எழுத அரசு அமைத்த குழுவில் இருந்து, கருத்து வேறுபாட்டால் அப்பணி தாரா சந்திடம் போனபின், தன் கருத்துப்படி மூன்று தொகுதிகளைத் தானே எழுதி வெளியிட்டவர். அவருடைய முடிவுகள் பலவற்றை நான் ஏற்பதில்லை. ஏற்காதது வேறு, படிக்கவே விடாதது வேறு.

அதே பொருள் பற்றி ரிச்சர்ட் ஈட்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2000-ல் எழுதியதைத்தான் நான் வகுப்பில் கற்பித்தேன். 1192 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை, சான்று உறுதியாக உள்ள கோயில் சிதைப்புகள் என்று அவர் பட்டியலிட்டது 80. தோற்ற அரசனின் ஆட்சியுரிமையோடு பிணைந்த கோயில்களே பெரும்பாலும் இலக்காயின. மதவெறியைவிட அரசியலே காரணம் என்பது அவர் வாதம். இந்து மன்னர்களும் எதிரியின் தெய்வத் திருமேனிகளைக் கவர்ந்து வந்ததுண்டு என்று காட்ட, 642-ல் பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியிலிருந்து கணபதியைக் கொண்டுவந்ததையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இருதரப்பாரும் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒரே பாரசீக வரலாற்று நூல்களைத்தான். அரசவை எழுத்தர் தன் சுல்தானைப் புகழ்ந்து, இத்தனை கோயில்களை இடித்தார் என்று எழுதினால், அதை நடந்ததாகவே கொள்வதா, புகழுரை என்று கழித்துப் பார்ப்பதா? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, ஈட்டனின் 80 என்பது உறுதியாகச் சான்று கிடைத்தவற்றின் எண்ணிக்கை. நடந்தது மொத்தமே அவ்வளவுதான் என்று அதற்குப் பொருளில்லை. இதை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னேனா? இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மெஹ்ரோலிக்கு அழைத்துப் போயிருக்கலாம். குதுப் வளாகத்து மசூதியின் கிழக்கு வாயிலில், 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாகச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பதை யாரும் பார்க்கலாம். “இதோ கல்வெட்டு. மஜும்தார் வரிசை இப்படிச் சொல்கிறது. ஈட்டன் இப்படிச் சொல்கிறார். உன் கருத்தைச் சான்றோடு எழுது” என்று அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால், அவன் எந்த முடிவுக்கு வந்திருந்தாலும் வரலாறு கற்றிருப்பான். என்னிடம் அவன் கற்றது, வாத்தியார் மனமறிந்து எழுதும் வித்தை.

இது ஒரு கட்சியின் நோயா?

இல்லை. 1978-ல் ஜனதா ஆட்சியில் ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா பற்றிய பாடநூல் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது. 2000-ல், சுமித் சர்க்காரும் கே.என். பணிக்கரும் தொகுத்த விடுதலைப் போராட்ட ஆவணத் தொகுதிகளை, அச்சில் இருக்கும்போதே இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் திரும்பப் பெற்றது. 2010-ல் மும்பைப் பல்கலைக்கழகம், சிவசேனை மாணவர் அணியின் எதிர்ப்புக்குப் பணிந்து ரோஹின்டன் மிஸ்த்ரியின் நாவலை நீக்கியது.

மறுபக்கமும் பார்ப்போம். மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் இடதுசாரி முன்னணி ஆண்டது. பல்கலைக்கழக நியமனங்களில் கட்சியின் கை ஓங்கியதை, கட்சிச் செயலாளர் அனில் பிஸ்வாஸ் பெயரால் ‘அனிலாயன்’ என்றே அங்கே குறிப்பிடுவார்கள். 1983-ன் இறுதியில், அரசு விரும்பாத சந்தோஷ் பட்டாச்சார்யாவை ஆளுநர் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக நியமித்தார். 1987 வரை அவர் கட்சி சார்ந்த சங்கங்களின் முற்றுகைக்கும் முழக்கத்துக்கும் நடுவிலேதான் பணியாற்றினார். அந்த அனுபவத்தை ஒரு நூலாகவே எழுதினார். வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலம் இடதுசாரிகள் கையில் இருந்ததைக் கடுமையாகத் தாக்கி அருண் ஷோரி 1998-ல் ஒரு நூல் எழுதியதும் வாசகர்கள் அறிந்ததே. அந்நூலின் தொனி எனக்கு உவப்பானதல்ல. ஆனால் எங்கள் துறை அறையில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏளனம் செய்தோம் என்பதும் உண்மை. நானும் அவர்களில் ஒருவன்.

ஒருவர் ஆண்டால் ஒரு வரிசைப் புத்தகம், மற்றவர் ஆண்டால் மறு வரிசை. பிள்ளைகளோ, யார் ஆண்டாலும் வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து, திருத்துகிறவர் யார் என்று விசாரித்து எழுதுகிறார்கள்!

நாமும் தப்பவில்லை

நிற்க. நம்மைப் பற்றியும் ஒரு சொல். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே சொன்னதற்கெல்லாம் பொருளில்லை.

2012-ல் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடநூலில் ஆர்.கே. லட்சுமணின் பழைய கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது பெரும் சர்ச்சையானது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றியது அது. போராடும் மாணவருக்கு ஆங்கிலமும் தெரியாது என்று குத்திக்காட்டுவது. கலைஞர் கருணாநிதி உட்படத் தமிழகத் தலைவர்கள் பலர் அதை நீக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அம்பேத்கர் பற்றிய சங்கரின் 1949-ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரத்துக்காக நாடாளுமன்றமே கொந்தளித்து, யோகேந்திர யாதவும் சுஹாஸ் பால்ஷிகரும் பாடநூல் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார்கள்.

நண்பர் ஒருவர் ஒரு மனுவோடு என் வீட்டுக்கு வந்தார். நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். 1965-ல் என் மூத்த அண்ணன் ஊர்வலத்தில் தடியடி பட்டவர். அந்தத் தழும்பை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் என்னைச் சுட்டது.

நண்பர் போனபின் என் மனைவி காப்பி தம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “போன வருஷம் அட்டை பிடிச்சிண்டு நடந்தேளே, அவாளுக்கும் இப்படித்தானே சுட்டிருக்கும்?”

எட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறையாக நான் பதில் தெரியாமல் நின்றேன். அந்தப் படம் தவறான பார்வை என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நீக்குவதற்குப் பதிலாக, அதன் அருகில் மாணவர் தரப்பை, அவர்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பதை, இரண்டு பக்கம் சேர்க்கச் சொல்லி மனு எழுதியிருந்தால்? வடநாட்டுப் பிள்ளைகளுக்கு 1965 என்றால் என்னவென்று தெரிந்திருக்குமே! மனம் புண்படுவது என்பது எல்லோருக்கும் உண்மையான வலிதான். அந்த வலியைக் கொண்டே பாடத்திட்டத்தை வெட்டத் தொடங்கினால், கடைசியில் மிஞ்சுவது அட்டை மட்டும்தான்.

பரபக்கம் என்ற பழைய வழி

இதற்கு மருந்து தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதிகள்: பரபக்கம், சுபக்கம். முதலில் உலகாயதம், பௌத்தம், சமணம் முதலிய மறுதரப்புகள் என்ன சொல்கின்றன என்று எடுத்துவைத்து மறுத்த பிறகே, சுபக்கத்தில் தம் சைவ சித்தாந்தத்தை நிறுவுகிறார். மணிமேகலை வஞ்சியில் பல சமயக் கணக்கர்களையும் தேடிப்போய் அவரவர் கொள்கையைக் கேட்ட பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். அவர்கள் நடுநிலையாளர்கள் அல்லர். தம் கொள்கையில் உறுதியானவர்கள். இருந்தும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவு சொல்வது அவர்களுக்கு இழுக்காகப் பட்டது.

என் கடைசி மூன்று ஆண்டுகளில் இதை வகுப்பில் செய்து பார்த்தேன். வீட்டுக் கட்டுரையின் முதற்பாதியில் நீ ஏற்காத கருத்தை, அந்தக் கருத்துக்காரர் படித்தால் “ஆம், நான் சொல்வது இதுதான்” என்று ஒப்பும்படி எழுத வேண்டும். பிற்பாதியில் சான்றோடு மறுக்கலாம். பெயரை மறைத்து எண் மட்டும் போட்டுத் தரச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார்கள், வழிகாட்டி நூலில் விடை இல்லையே என்று! பிறகு, இதுவரை பேசாத இரண்டு மூன்று பேர் கை தூக்கத் தொடங்கினார்கள். சிலர் சொன்னது எனக்குக் கசப்பாகவே இருந்தது. சான்று கேட்டேன், சிலரிடம் இருந்தது, சிலரிடம் இல்லை.

எல்லாக் கருத்தும் சமம் என்று நான் சொல்லவில்லை. கல்வெட்டில் இல்லாததை இருப்பதாகச் சொன்னால் மதிப்பெண் கிடையாது, அவர் எந்தக் கட்சியானாலும். அளவுகோல் சான்றாக இருக்க வேண்டும். ஆசிரியரின் அரசியலாக இருக்கக்கூடாது.

நான் ஓய்வு பெற்ற பின்னும் கத்தரிக்கோல் ஓயவில்லை. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும், நம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்தும் நீக்கப்பட்டன. கல்விக் குழுவில் 15 பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். 2023-ல் கவிஞர் இக்பாலைப் பற்றிய பகுதியை நீக்க அதே குழு தீர்மானித்தது. பாமாவும் சுகிர்தராணியும் தமிழர்கள் என்பதால் நமக்கு வலித்தது. நியாயம்தான். ஆனால் இக்பாலுக்கும் வலித்ததா? மஜும்தாருக்கு வலிக்குமா? அதுதான் சோதனை.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் அவர்களிடம் மதிப்பெண்ணைக் கேட்காமல், “உன் ஆசிரியருக்குப் பிடிக்காத புத்தகம் எதையாவது படித்தாயா? அதை வகுப்பில் சொல்ல முடிந்ததா?” என்று கேளுங்கள். வீட்டிலே உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல முடிகிறதா என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ராஜஸ்தானத்துப் பையன் குடிமைப் பணித் தேர்வில் தேறவில்லை. இன்று அவன் ஊருக்கு அருகில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியன். தீபாவளிக்குத் தவறாமல் தொலைபேசியில் பேசுவான். சென்ற முறை பேசியபோது, அவன் வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவி அக்பரைப் பற்றி அவனோடு வாதாடியதாகச் சொன்னான்.

“என்ன செய்தாய்?” என்றேன்.

“உட்காரச் சொல்ல வாய் வந்தது சார். அப்புறம் கரும்பலகைக்கு வந்து எழுதச் சொன்னேன்.”

எனக்குப் பத்துக்கு மூன்று போட்டிருந்தாலும் தகும். அவனுக்கு நான் பத்தும் போடுவேன்.